இரண்டு அங்குலம் குறையும் கயிறு

சென்ற மாதம் ஒரு வாசகியிடமிருந்து நான்கு பக்கக் கடிதம் வந்தது. வயது 71 என்று எழுதியிருக்கிறார். மகனும் மருமகளும் காலையில் பணிக்குப் புறப்பட்டால் இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புகின்றனர். பத்தாம் வகுப்பில் படிக்கும் பேத்தியைக் கவனித்துக்கொள்வது இவருடைய பொறுப்பு. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால் அவற்றைத் தவிர்த்து, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகன் தம் தாயிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருக்கிறார். "அவள் குளிக்கப் போகும் நேரத்தில் கைபேசியைத் திறந்து, இன்ஸ்டாகிராமில் யார் யாருடன் பேசுகிறாள் என்று பார்த்துச் சொல்லுங்கள், அம்மா" என்று கேட்டு, பூட்டைத் திறக்கும் கோட்டு வடிவத்தையும் கற்றுத் தந்திருக்கிறார். மூன்று வாரங்களாக இது நடக்கிறது. இதுவரை அந்த அம்மையார் கண்டவை தோழியருடன் அரட்டை, திரைப்படப் பாடல்கள், கணக்கு ஆசிரியரைப் பற்றிய கேலி. போன வாரம், உடன் படிக்கும் பையன் ஒருவன் இரவு பதினொரு மணிக்கு "தூங்கிட்டியா?" என்று கேட்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். இதை மகனிடம் சொல்வதா, வேண்டாமா என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது. "அவள் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிவிடும்போது என் கை நடுங்குகிறது. நான் செய்வது பாவமா?"

மகனைக் குறை கூறிவிட்டு நகர்வது எளிது. அது நியாயமாகாது. அவருடைய அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. அதே வயதுப் பெண் போலப் பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கி, சில வாரங்கள் இனிமையாகப் பழகி, ஒரு புகைப்படத்தைப் பெற்றுக்கொண்டு, பிறகு அதையே வைத்து மிரட்டும் கயவர்கள் இருக்கின்றனர். புகைப்படம் தராவிட்டாலும் விடுவதில்லை. கோயில் திருவிழாவில் பட்டுப் பாவாடையுடன் எடுத்த சாதாரணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் எடுத்து வேறோர் உடலுடன் ஒட்டிவிடும் வித்தை இன்று எவர் கையிலும் இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் இந்த வலையில் விழுகின்றனர். அவர்களிடம் பெரும்பாலும் பணம் கேட்கின்றனர். இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படிக்கும் ஒரு தகப்பனார், அலுவலகத்தில் அமர்ந்துகொண்டு நிம்மதியாக வேலை பார்ப்பது எங்ஙனம்?

பிள்ளைகளைக் கண்காணிப்பது நமக்கும் புதிதன்று. நம் இளமையில் இன்லண்டு கடிதம் வீட்டுக்கு வந்தால் தந்தையார் பிரித்துப் படித்த பின்னரே உரியவரிடம் வந்து சேரும். தெருவே கண்காணித்தது. ஆயினும் தோழியின் முகவரிக்குக் கடிதம் வரவழைத்துக்கொண்டவர்கள் நம் தலைமுறையிலும் இருந்தனர். இதைப் படிக்கும் ஒருசிலர் இவ்விடத்தில் புன்னகைக்கக்கூடும்.

இப்போது பெற்றோருக்கு என்னென்ன வசதிகள் உள்ளன என்பதைச் சற்றுப் பார்ப்போம். நம் வயதினர் பலருக்கும் இது தெரிவதில்லை. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கக் குறைந்தது 13 வயது நிறைந்திருக்க வேண்டும். 2025 பிப்ரவரி முதல் நம் நாட்டிலும் பதின்பருவத்தினருக்கென்று தனி வகைக் கணக்கு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் கணக்கு தாமாகவே தனிப்பட்டதாக அமைந்துவிடும். பிள்ளை பின்தொடர்பவர்கள் அல்லது ஏற்கெனவே தொடர்பில் உள்ளவர்கள் மட்டுமே செய்தி அனுப்ப இயலும். இரவு பத்து மணி முதல் காலை ஏழு மணிவரை அறிவிப்பு ஒலிகள் அடங்கிவிடும். 16 வயது நிறையாதவர் இவற்றைத் தளர்த்த விரும்பினால் பெற்றோரின் அனுமதி வேண்டும். பெற்றோர் தம் கணக்கைப் பிள்ளையின் கணக்குடன் இணைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்று வரம்பு கட்டலாம். கடந்த ஏழு நாள்களில் பிள்ளை யார் யாருக்குச் செய்தி அனுப்பியது என்ற பட்டியலையும் காணலாம். ஆனால் அந்தச் செய்திகளில் எழுதியிருப்பதைப் படிக்க இயலாது. அந்த இணைப்பும் திருட்டுத்தனமாக நடப்பதன்று. அழைப்பு அனுப்பி, பிள்ளை அதை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பட்டியல் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. இதைப் படித்தபோது எனக்கு வங்கியின் லாக்கர் அறைதான் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகள் அந்த அறையின் சாவி என் பொறுப்பில் இருந்தது. வாடிக்கையாளர் வருவார். பதிவேட்டில் தேதியும் நேரமும் குறித்துக் கையொப்பமிடுவார். உள்ளே சென்று வங்கியின் சாவியை நாங்கள் முதலில் திருப்புவோம். அவருடைய சாவியை அவர் திருப்புவார். அத்துடன் நாங்கள் வெளியே வந்துவிட வேண்டும். பெட்டிக்குள் திருமாங்கல்யம் இருக்கிறதா, வீட்டுப் பத்திரம் இருக்கிறதா, வெறும் பழைய கடிதங்கள் இருக்கின்றனவா, வங்கிக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள உரிமையும் கிடையாது. லாக்கர் அறையின் வாயிலில் கேமரா இருக்கும். பெட்டிக்கு உள்ளே இருக்காது. அப்படியானால் வங்கிக்குப் பொறுப்பே இல்லையா? உண்டு. யார் வந்தார், எப்போது வந்தார், எத்தனை முறை வந்தார் என்பதெல்லாம் வங்கியின் கவலைதான். முன்பின் தெரியாத ஒருவர் சாவியுடன் வந்து நின்றால் கேட்காமல் விடமாட்டோம்.

லாக்கரை வங்கியே உடைத்துத் திறக்கும் நிலையும் உண்டு. ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வழிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன: வங்கி அலுவலர் ஒருவரும் சார்பற்ற சாட்சிகள் இருவரும் உடன் இருக்க வேண்டும், முழுவதும் காணொளியாகப் பதிவு செய்ய வேண்டும், உள்ளே இருந்த பொருள்களுக்குப் பட்டியல் எழுத வேண்டும். உடைப்பது தவறன்று, காரணமின்றி, சாட்சியின்றி, இரகசியமாக உடைப்பதே தவறு. பெற்றோர் பிள்ளையின் கைபேசியைத் திறப்பதற்கும் இதைவிடச் சிறந்த நடைமுறை எனக்குத் தெரியவில்லை. பிள்ளை உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினாலோ, யாரோ மிரட்டுவதாகத் தெரிந்தாலோ, வயது வந்த அந்நியர் ஒருவர் தனியே சந்திக்க அழைத்தாலோ, தாயும் தந்தையும் சேர்ந்து அமர்ந்து, பிள்ளையையும் அருகில் வைத்துக்கொண்டு, "இன்ன காரணத்துக்காக இப்போது இதைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லிவிட்டுப் பார்க்கட்டும். குளிக்கும் நேரத்தில் பார்ப்பது இதில் சேராது.

பதினொரு வயதுப் பிள்ளைக்கும் பதினேழு வயதுப் பிள்ளைக்கும் ஒரே அளவுகோல் என்று நான் சொல்லவில்லை. வங்கியிலேயே பத்து வயது நிறைந்த சிறார் தாமே சேமிப்புக் கணக்கைத் தொடங்கி இயக்க அனுமதி உண்டு. ஆனால் எவ்வளவு தொகைவரை என்பதை வங்கி வரையறுக்கும். இருப்புக்கு மேல் எடுக்க இயலாது. 18 வயதானதும் புதிய கையொப்பம் பெற்று முழு உரிமையையும் தந்துவிடுவோம். பதினெட்டாவது பிறந்தநாள்வரை காசோலையையே கண்ணில் காட்டாமல் வைத்திருந்து, மறுநாள் முழுக் கணக்கையும் கையில் கொடுத்தால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? பத்து வயதில் கைபேசி பெற்றோருடையது, பிள்ளை இரவல் வாங்குகிறது. பதினைந்தில் பிள்ளையுடையது, பெற்றோருக்குப் பட்டியல் தெரியும். பதினேழில் பட்டியலும் வேண்டாம், உரையாடல் போதும். தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று நம் பெரியோர் இதைத்தான் சொல்லி வைத்தனர்.

எவ்வளவு கண்காணித்தாலும் அது முழுமை பெறாது என்பதையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிறந்த ஆண்டை மாற்றிக் கொடுத்து வேறொரு கணக்குத் தொடங்குவது பிள்ளைகளுக்கு இரண்டு நிமிட வேலை. தோழியின் கைபேசி இருக்கிறது. பார்த்தவுடன் மறைந்துவிடும் செய்திகள் இருக்கின்றன. விளையாட்டுச் செயலிகளுக்குள்ளேயே அரட்டை வசதி இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் கைபேசியில் ஒளித்து வைக்கும் வேவுச் செயலிகளையும் சிலர் விலைக்கு வாங்குகின்றனர். அவை பிள்ளையின் படங்களையும் பேச்சையும் முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கணினிக்கு அனுப்பிவிட்டுத்தான் பெற்றோருக்குக் காட்டுகின்றன. அத்தகைய நிறுவனங்களின் தகவல்கள் களவுபோன நிகழ்வுகள் உலகில் ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கின்றன. காவலுக்கு வைத்தவனிடமே வீட்டுச் சாவியின் நகலைக் கொடுத்த கதை அது.

பாகவதத்தின் பத்தாவது ஸ்கந்தத்தில் யசோதை கண்ணனை உரலில் கட்டும் இடம் நம் அனைவருக்கும் மனப்பாடம். தயிர்ப் பானையை உடைத்தவனைப் பிடித்துக் கட்டப் போகிறாள். கயிறு இரண்டு அங்குலம் குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிந்து பார்க்கிறாள். மீண்டும் இரண்டு அங்குலம் குறைகிறது. வீட்டிலுள்ள கயிறெல்லாம் சேர்த்தும் அதே இரண்டு அங்குலம். உடல் வியர்த்து, கூந்தல் மலர் உதிர்ந்து அவள் களைத்து நிற்பதைக் கண்டு, அந்தக் குழந்தையே கட்டுப்பட இசைந்தது. இத்துடன் பலர் நிறுத்திவிடுகிறோம். கட்டுண்ட பிறகும் அவன் சும்மா இருந்தானா? உரலை இழுத்துக்கொண்டு தவழ்ந்து சென்று இரண்டு மருத மரங்களைச் சாய்த்தான். யசோதை வீட்டுக்குள் வேலையாக இருந்தாள். இறைவனின் லீலையைக் கைபேசியோடு ஒப்பிடுவதாக எவரும் வருந்த வேண்டாம். தாய் கொண்டுவரும் கயிறு என்றும் சிறிது குறையும். அந்தக் குறையைப் பிள்ளையின் இசைவு ஒன்றே நிரப்பும் என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது.

சட்டத்தாலும் இது தீராது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயது நிறையாதவர்கள் இன்ஸ்டாகிராம், ஸ்நாப்சாட், யூடியூப் முதலியவற்றில் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்திருக்கிறது. மீறினால் அபராதம் நிறுவனங்களுக்கே, பிள்ளைக்கோ பெற்றோருக்கோ இல்லை. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகள் எனக் கொண்டு, அவர்களுடைய நடத்தையை நிறுவனங்கள் பின்தொடர்வதைத் தடுக்கிறது. இவை நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள். பாட்டியின் கையில் இருக்கும் கைபேசியை எந்தச் சட்டமும் வந்து பார்க்கப் போவதில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு குடும்பம். பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பெண். தந்தையார் கணினித் துறையில் பெரிய பொறுப்பில் இருப்பவர். மகளின் வாட்ஸ்அப்பைத் தம் மடிக்கணினியுடன் இணைத்து ஒவ்வொரு செய்தியையும் படித்து வந்தார். எந்தெந்தக் கருவிகள் இணைக்கப்பட்டுள்ளன என்ற பட்டியல் வாட்ஸ்அப்பிலேயே இருக்கிறது. அதை அந்தப் பெண் என்றோ பார்த்துவிட்டாள். வீட்டில் எதுவும் கேட்கவில்லை. அந்த இணைப்பை அப்படியே விட்டுவைத்து, பள்ளிப் பாடங்களைப் பற்றி மட்டும் அதில் எழுதினாள். மற்ற பேச்சை வேறொரு செயலிக்கு மாற்றிக்கொண்டாள். தந்தையார் மனநிறைவுடன் இருந்தார். அந்த வேறொரு செயலியில்தான் முகம் தெரியாத ஒருவன், அவளுடைய படத்தை மாற்றி அமைத்து மிரட்டத் தொடங்கினான். பதினொரு நாள்கள் அவள் அதை எவரிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் சொன்னால் கைபேசி பறிபோகும், படிப்பை நிறுத்திவிடுவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, "நீ ஏன் அங்கே போனாய்" என்ற கேள்வி வரும் என்று அஞ்சினாள். சாப்பாடு குறைந்தது. பன்னிரண்டாம் நாள் இரவு, பாட்டியின் படுக்கையருகே வந்து அமர்ந்தாள்.

அந்தப் பாட்டிக்கு இன்ஸ்டாகிராம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் அவர் அன்றிரவு சொன்னதை அந்தப் பெண் பிறகு தன் தாயிடம் திரும்பச் சொல்லியிருக்கிறாள். "தப்பு செஞ்சவன் அவன். நீ ஏன் அழறே? காலையில அப்பாகிட்ட நான் பேசறேன், நீ என் பக்கத்துல உட்கார்ந்திரு." வேறு எதுவும் கேட்கவில்லை. விடியும்வரை விளக்கை அணைக்காமல் உடன் விழித்திருந்தார். காலையில் தந்தையிடம் பேசியபோது, அவர் குரலை உயர்த்தத் தொடங்கியதும், "அவ என்னை நம்பிச் சொன்னா. சத்தம் போடறதா இருந்தா என்கிட்ட போடு" என்று சொல்லியிருக்கிறார். பிறகு தந்தையார்தாம் மற்ற அனைத்தையும் செய்தார். அவருக்கு அதில் திறமை உண்டு. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் படமெடுத்து வைத்தார், பணம் எதுவும் அனுப்பவில்லை, சைபர் குற்றப் பிரிவில் புகார் செய்தார். சில நாள்களில் அந்தக் கணக்கு முடக்கப்பட்டது.

நம் வீடுகளில் இத்தகைய செய்தி வந்தவுடன் முதலில் எழும் குரல், "வெளியே தெரிந்தால் பெயர் கெட்டுவிடும், பேசாமல் விட்டுவிடுவோம்" என்பது. இங்கே ஒரு விஷயத்தை நாம் அறிந்திருக்க வேண்டும். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாதிக்கப்பட்ட பிள்ளையின் பெயர், முகவரி, படம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. உதவிக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இரவு பகலாக இயங்குகிறது. பணம் பறிக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட தகாத படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. அதில் படத்தையே அனுப்பத் தேவையில்லை. படத்துக்குரிய ஓர் அடையாள எண் மட்டும் சென்று, அதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள் அந்தப் படத்தைத் தேடி நீக்குகின்றன. எண்களைப் பஞ்சாங்கத்தின் உள்ளட்டையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மருத்துவர் எண்ணையும் எரிவாயு முகவரின் எண்ணையும் அங்கேதானே எழுதுகிறோம்.

இனி கடிதம் எழுதிய அம்மையாருக்கு. "தூங்கிட்டியா?" என்று உடன் படிக்கும் பையன் கேட்பது குற்றமன்று, அதை மகனிடம் கோள் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கைபேசி விழித்திருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. அதைச் சொல்ல வேவு பார்க்கத் தேவையில்லை, அறைக்கதவின் அடியில் தெரியும் வெளிச்சமே போதும். மகனிடம் இன்றே சொல்லிவிடுங்கள்: "இந்த வேலையை இனி நான் செய்ய மாட்டேன். பார்க்க வேண்டுமென்றால் அவளிடம் சொல்லிவிட்டு நீயே பார்." அவர் சினம் கொள்ளலாம். தாயின் சொல்லாகையால் ஆறிவிடும்.

பேத்தியிடமும் சொல்லிவிடுங்கள். இதைக் கேட்டு நீங்கள் திடுக்கிடக்கூடும். அவளுக்கு ஒருவேளை முன்பே தெரிந்திருக்கும். இக்காலப் பிள்ளைகளுக்குக் கைபேசி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் தெரிந்துவிடுகிறது. நீங்களாகச் சொன்னால் இரண்டு நாள் பேசாமல் இருப்பாள். அவளாகக் கண்டுபிடித்தால், என்றாவது ஓர் இரவு உங்கள் படுக்கையருகே வந்து அமர வேண்டிய நேரத்தில் வரமாட்டாள். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: "யாரிடமும் சொல்ல மாட்டேன், சத்தியம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சில செய்திகளைப் பெற்றோரிடம் சொல்லாமல் இருக்க இயலாது. "சொல்ல வேண்டி வந்தால் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன், உன் முன்னால்தான் சொல்வேன்" என்பதற்கு மேல் எந்த உறுதியும் தர வேண்டாம். பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவ புண்ணியத்தை நிறுக்கும் தகுதி எனக்கில்லை. உங்கள் கை நடுங்கியதை நான் நல்ல அறிகுறியாகவே கொள்கிறேன்.

நம் தரப்பிலும் ஒன்று உண்டு. பேரப் பிள்ளைகள் குளியல் துண்டுடன் நிற்கும் படத்தையும், மதிப்பெண் பட்டியலையும் அவர்களைக் கேட்காமலே குடும்பக் குழுவில் போட்டுவிடுகிறோம். அங்கிருந்து அது எத்தனைக் குழுக்களுக்குச் செல்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. அந்தரங்கம் என்பதன் முதற்பாடத்தைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கின்றனர்.

நான் மேலே சொன்ன குடும்பத்தில் இப்போது மடிக்கணினி இணைப்பு நீக்கப்பட்டுவிட்டது. பெண் தானே முன்வந்து தன் கணக்கைத் தாயின் கணக்குடன் இணைத்திருக்கிறாள். இரவு ஒன்பதரை மணியானதும் வீட்டிலுள்ள அனைவரின் கைபேசிகளும் கூடத்து அலமாரிக்கு வந்துவிட வேண்டும். அங்கேதான் சார்ஜர்கள் உள்ளன. தாத்தாவுக்கு மட்டும் இதில் மனத்தாங்கல். படுக்கையில் உபன்யாசம் கேட்டுக்கொண்டே உறங்குவது அவர் வழக்கம். அவருக்குச் சிறிய வானொலி ஒன்று வாங்கித் தந்திருக்கின்றனர்.